பளிங்குத் தளபதியின் வருத்தம்

ஸ்டாவர்ஹாவன் நகரத்துப் பெரிய தேவாலயத்தில், பீடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தளபதி படுத்திருக்கிறான். சுகிர்தா முதல்முறை அங்கே போனபோது அதுதான் அவளுக்கு விநோதமாகப் பட்டது. சாமி இருக்க வேண்டிய இடத்தில் இப்படி ஒரு ஆளைக் கிடத்த ஒரு ஊருக்கு எப்படி மனம் வந்தது என்று யோசித்தபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கறுப்புப் பளிங்குச் சுவருக்கு முன்னால் வெள்ளைப் பளிங்கில், ஆள் அளவைவிடப் பெரிய உருவம். மார்புக் கவசம், தோளில் புரளும் சுருள்முடி, பீரங்கிக் குழாயைத் தலையணையாக வைத்து ஒருக்களித்த தலை. இரண்டு பக்கமும் சங்கூதும் கடல்தேவர்கள். மேலே இறக்கை முளைத்த பெண்ணொருத்தி எக்காளத்தோடு பறந்து வருகிறாள். எந்த இடத்தையும் சும்மா விட மனமில்லாத பரோக் காலத்துச் சிற்பி, கல்லில் செதுக்கிய துணிமடிப்பைக்கூடக் காற்றில் படபடக்க வைத்திருந்தான். அடியில் லத்தீனில் பொன்னெழுத்து: ‘பாரெண்ட் டெர்ஹோர்ஸ்ட். கிழக்குக் கடல்களின் தளபதி. தாழைத்துறையில் எதிரியின் நாற்பது கலங்களை ஒரே காலையில் எரித்தவர்.’

தாழைத்துறை யாழ்ப்பாணக் கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம். நாற்பது கலங்களும் வள்ளங்கள். கரையில் படை இறங்கியதைக் கண்டு பக்கத்துத் தீவுக்குத் தப்பிப் போக ஏறிய குடும்பங்கள் அவற்றில் இருந்தன. நூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களின் பெயர்களை வருடத்துக்கு ஒருமுறை அந்த ஊர் மாதா கோவிலில் வாசிக்கிறார்கள். ஸ்டாவர்ஹாவன் நகரசபைக்குத் தாழைத்துறைக் கடற்றொழிலாளர் சங்கம் முப்பது வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. கல்லை எடுங்கள், இல்லாவிட்டால் பதில் சொல்லுங்கள் என்று. நகரசபையில் பாதிப்பேர் எடுக்கலாம் என்றார்கள், மீதிப்பேர் கூடாது என்றார்கள். அப்படியே இழுபட்டது. பிறகுதான் ‘மறுகுரல்’ வந்தது.

“கல்லை எடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? அவரையே கேட்டுவிடலாம்” என்றாள் மார்ட்யே. மறுகுரலைக் கட்டிய பொறியியலாளர் அவள். நாற்பது வயது, எப்போதும் நனைந்த மழைக்கோட்டு. அவள் டச்சில் பேச, தேவாலயத்துப் பக்க அறையில் சுகிர்தா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“செத்தவரை எப்படிக் கேட்பது?”

“அவருடைய கப்பல் நாட்குறிப்பு இருக்கிறது, மனைவிக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, விசாரணைகளில் கொடுத்த வாக்குமூலங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொடுத்தால், அந்த மனிதன் ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பானோ அதை மறுகுரல் சொல்லும். அவன் எழுதாத கேள்விக்கும் சொல்லும். ஏற்கெனவே ஒரு கவர்னரையும் இரண்டு வியாபாரிகளையும் பேச வைத்திருக்கிறோம்.”

“அதற்கு நான் எதற்கு?”

“கேட்கப்போவது தாழைத்துறைக்காரர்கள். அவர்களுக்கு டச்சு தெரியாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை. நேரே அவன் வாயால் கேட்க வேண்டுமாம். ஆகவே அவன் தமிழ் பேச வேண்டும், அதுவும் அவர்களுடைய தமிழ். நீங்கள் அதற்குப் பேசிக் காட்ட வேண்டும். நானூறு மணித்தியாலம்.”

“என்ன பேச?”

“எதையும். பொய்யாக மட்டும் இருக்கக் கூடாது. மனதிலிருந்து பேசும்போதுதான் மொழி முழுதாக வரும்.”

சுகிர்தாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வயதில் அம்மாவோடு இந்த நாட்டுக்கு வந்தவள். இருபத்திரண்டு வயதிலிருந்து பத்து வருடங்கள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். பிறகு ஒருநாள் அதை விட்டுவிட்டு நூலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்கு முதுகுவலி என்றாள். தனியாக இருந்தாள். தமிழ் பேச ஆள் குறைந்துபோயிருந்தது. அதனால்தானோ என்னவோ ஒத்துக்கொண்டாள்.

வாரத்தில் நான்கு நாள், பகல் பத்து மணிக்கு அந்தப் பக்க அறையில் உட்கார்ந்து ஒரு சின்ன ஒலிவாங்கிக்கு முன்னால் பேசினாள். முதலில் சமையல், பள்ளிக்கூடம், அம்மாவின் கோபம். மூன்றாம் மாதம் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. அப்போது செல்வரூபனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவளாக நினைத்துத் தொடங்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

செல்வரூபன் விசாரணைக்கு வந்த ஒரு பையன். பையன் என்றாலும் இருபத்தாறு வயது. அவன் சொன்னதை அவள்தான் டச்சில் சொன்னாள். மனு தள்ளுபடியானது, திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாம் மாதம் அவனை வீட்டிலிருந்து யாரோ கூட்டிப்போனார்கள். பிறகு அவன் வரவில்லை. இதை அவள் இருபது வருடத்துக்கு மேலாக ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்த இயந்திரத்துக்குச் சொன்னாள். எத்தனை நாள் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

ஐப்பசி மாதத்தில் தாழைத்துறையிலிருந்து அருளப்பு வந்தார். சங்கத் தலைவர், அறுபத்தாறு வயது, குளிருக்குப் பழக்கமில்லாமல் இரண்டு சுவெட்டர் போட்டிருந்தார். ஊர் அவருக்கு முழு அதிகாரம் கொடுத்து அனுப்பியிருந்தது. பதில் சரியாக இருந்தால் கல் நிற்கலாம், சரியில்லை என்றால் கல்லை எடுத்துக் களஞ்சியத்தில் போடவேண்டும். நகரசபையும் அதற்குச் சம்மதித்து எழுதிக் கொடுத்திருந்தது. சுகிர்தாதான் அவரைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனாள்.

கல்லுக்குக் கீழே, சவப்பெட்டி வடிவப் பீடத்தின் முகப்பில், எரியும் கப்பல்களின் புடைப்புச் சிற்பம் இருந்தது. அருளப்பு குனிந்து அதில் விரலை வைத்துத் தடவினார்.

“தங்கச்சி, இதென்ன, மூண்டு பாய்மரம், பீரங்கி எல்லாம் கிடக்கு?”

“அதுதான் அண்ணை உங்கட வள்ளங்கள். செதுக்கினவன் வள்ளத்தைக் கண்டிருக்க மாட்டான்.”

“கண்டாலும் செதுக்கியிருக்க மாட்டான்” என்றார் அருளப்பு. “வள்ளத்தை எரிச்சவனுக்கு ஆர் கல்லு வைப்பினம்?”

தேவாலயம் நிரம்பியிருந்தது. நகரசபைக்காரர்கள், செய்திக்காரர்கள், ஊர்ச்சனம். தாழைத்துறைக் கோவிலில் பெரிய திரை கட்டி அங்கேயும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்ட்யே தலையசைத்ததும் அருளப்பு எழுந்து, பளிங்கு முகத்தைப் பார்த்து நின்றார். எழுதிக்கொண்டு வந்த தாளைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துவிட்டுக் கேட்டார்.

“எங்கட ஆக்கள் எரியேக்கை நீர் என்ன நினைச்சுக்கொண்டு நிண்டனீர்?”

பிறகு பளிங்குக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், நிதானமாக, யாழ்ப்பாணத் தமிழில் வந்தது.

“அதுகள் போர்க்கப்பல் இல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனான். என்ர கையிலை ஒரு தாள் இருந்தது. தாளிலை கிடக்கிறதைத்தானே செய்யிறன் எண்டு எனக்குள்ளை சொல்லிக்கொண்டன். அவையள் என்ர கண்ணைப் பாக்கேல்லை. என்ர வாயைப் பாத்துக்கொண்டிருந்தவை. என்ர வாயிலை இருந்து என்ன வரப்போகுதோ எண்டு. அதுக்குப் பிறகு நான் வீட்டை போய்ச் சாப்பிட்டன், படுத்தன், நித்திரையும் வந்தது. எப்பிடி வந்தது எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை. மன்னியுங்கோ எண்டு கேக்க எனக்குத் தகுதி இல்லை. செய்தது பிழை. அது பிழை எண்டு செய்யேக்கையே எனக்குத் தெரியும்.”

அருளப்பு கதிரையில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தொலைவில் தாழைத்துறைக் கோவிலில் பெண்கள் அழும் சத்தம் நேரடி இணைப்பில் இங்கேயும் கேட்டது. டச்சு மொழிபெயர்ப்பு ஓடி முடிந்ததும் தேவாலயத்திலும் பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

“காணும்” என்றார் அருளப்பு. “இதைத்தான் கேக்க வந்தனாங்கள். கல்லு நிக்கட்டும்.”

சுகிர்தா மட்டும் அசையவில்லை. தளபதி வீட்டுக்கு எங்கே போனான்? அவன் கப்பலில் அல்லவா இருந்தான்? வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது தாழைத்துறைக்காரர்கள் இல்லை, செல்வரூபன். விசாரணை மேசைக்கு எதிரே, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதை ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பக்க அறையில் உட்கார்ந்து சொன்னாள், இதே வசனத்தில்.

கூட்டம் கலைந்ததும் மார்ட்யேயைப் பிடித்தாள். மூல ஆவணங்களைக் காட்டச் சொன்னாள். மார்ட்யே மறுக்கவில்லை, திரையில் திறந்து காட்டினாள். அந்த நாளின் கப்பல் குறிப்பில் மூன்று வரி இருந்தது. ‘வடகிழக்குக் காற்று. நாற்பது கலங்கள் எரிக்கப்பட்டன. நங்கூரக் கயிறு ஒன்று போயிற்று.’ அதே வாரத்தில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் முழுப்பக்கமும் பல்வலி.

“அவனுக்கு வருத்தமே இல்லை” என்றாள் சுகிர்தா.

“எழுதவில்லை என்று சொல்லுங்கள். இல்லை என்று நாம் சொல்ல முடியாது.”

“அப்படியென்றால் இன்றைக்கு வந்த வருத்தம் எங்கேயிருந்து வந்தது?”

மார்ட்யே மழைக்கோட்டின் பொத்தானைத் திருகினாள். “ஒருவர் எழுதியது போதாதபோது, இடைவெளியைப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து மறுகுரல் நிரப்பும். உங்கள் பேச்சிலிருந்து மொழியை மட்டும்தான் எடுக்கும் என்று நினைத்தோம். சோதனையின்போதே எனக்கு இலேசாகச் சந்தேகம் வந்தது.”

“வந்தும் விட்டுவிட்டீர்களா?”

“பதில் நன்றாக இருந்தது, சுகிர்தா. அதைவிட நல்ல பதிலை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. பல்வலியைப் பற்றிச் சொல்லியிருந்தால் யாருக்கு என்ன லாபம்?”

சுகிர்தாவின் நெஞ்சில் கிடந்ததை ஒரு கொலைகாரனுக்குச் சட்டையாகத் தைத்துப் போட்டிருக்கிறார்கள். அவனுக்கு அது அளவாகவும் இருக்கிறது. அதைவிட அவளைச் சுட்டது வேறொன்று. செல்வரூபனைப் பற்றிப் பேசிய நாளெல்லாம் தன் வலியைத்தான் சொல்லியிருக்கிறாள். தான் செய்ததை அந்த இயந்திரத்துக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அருளப்புவை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகும் ரயிலில் அவரிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு தளபதியினுடையது இல்லை, தன்னுடையது என்று. தான் மொழிபெயர்த்த ஒரு பையன் திரும்பிப் போய்ச் செத்தான் என்றும், அந்தத் துக்கத்தைத்தான் இயந்திரம் எடுத்துப் பேசியது என்றும்.

ரயில் இரண்டு நிறுத்தம் தாண்டியது. யன்னலுக்கு வெளியே தட்டையான பச்சை வயலில் மாடுகள் நின்றன.

“அப்ப அவன் என்ன சொல்லியிருப்பான்?”

“பல்லுவலி எண்டு எழுதியிருக்கிறான் அண்ணை.”

அருளப்பு தலையை ஆட்டினார். “ராத்திரி ஊரிலை இருந்து ஃபோன் எடுத்தவை. நூற்றுப் பன்னிரண்டு பேரையும் வாசிச்சு, சாமியார் பூசை வைச்சிருக்கிறார். பகையாய்க் கிடந்த ரெண்டு குடும்பம் கோவிலுக்கை கை குடுத்ததாம். முப்பது வருசம் கடிதம் எழுதின சனம், தங்கச்சி. இப்ப நான் போய், அது அவன் இல்லை, எங்கட பொம்பிளை ஒராள்தான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? இன்னொருக்கா எரிக்கிற மாதிரி எல்லே?”

“தெரியாமல் இருக்கிறது சரியோ?”

“சரியில்லை. எண்டாலும் சொல்ல மாட்டன். நீங்களும் சொல்லாதேங்கோ.” பிறகு கேட்டார். “அந்தப் பெடியன்ர ஆக்கள் இருக்கினமோ?”

“ஒரு அக்கா இருக்கிறா.”

“என்னட்டைச் சொல்லி அழுகிறீங்கள். கல்லுக்கும் சொல்லி அழுதிருக்கிறீங்கள். அவவுக்குச் சொன்னனீங்களோ?”

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விமான நிலையத்தில் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார், கோபமாகவா அன்பாகவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கல் நின்றது. லத்தீனுக்குக் கீழே புதிதாக ஒரு பலகை பதித்தார்கள், தளபதியின் பதில் தமிழிலும் டச்சிலும். ஸ்டாவர்ஹாவனுக்குச் சனம் வந்து குவிந்தது. வருந்திய தளபதி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். முன்பு எக்காளக்காரியைப் பார்த்து முகம் சுளித்தவர்கள்கூட இப்போது அவன் காலடியில் பூ வைத்தார்கள். உள்ளபடியே பேசியிருந்தால் களஞ்சியத்துக்குப் போயிருப்பான். சுகிர்தாவின் வருத்தம் அவனுக்கு இன்னொரு முந்நூறு வருடம் வாங்கிக் கொடுத்துவிட்டது. அந்தப் பதிலின் ஒலிப்பதிவு ஊர் ஊராகப் போனது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, கொழும்பு, டொராண்டோ என்று தமிழர் இருந்த இடமெல்லாம் எல்லோர் கைத்தொலைபேசியிலும் கேட்டது.

செல்வரூபனின் அக்கா மங்களேஸ்வரி கிளிநொச்சியில் தையல்கடை வைத்திருந்தாள். அந்தக் கடையின் தொலைபேசி இலக்கம் பல வருடமாகச் சுகிர்தாவுக்குத் தெரியும். தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த இலக்கத்தை அழுத்தினாள்.

“அலோ, ஆர் கதைக்கிறது?” பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம்.

“நான் நெதர்லாந்திலை இருந்து எடுக்கிறன். பேர் சுகிர்தா. உங்கட தம்பி செல்வரூபன்ர விசாரணையிலை மொழிபெயர்ப்பாளரா இருந்தனான்.”

மெஷின் நின்றது. சுகிர்தா பேசத் தொடங்கினாள். இருபத்து மூன்று வருடமாக உள்ளே கிடந்தது, அவன் எப்படி உட்கார்ந்திருந்தான், எதைப் பார்த்தான், அவள் வீட்டுக்கு வந்து எப்படிச் சாப்பிட்டாள், எப்படித் தூங்கினாள், மன்னிப்புக் கேட்கத் தகுதி இல்லை, எல்லாம் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“இது அந்தக் கல்லுத் தளபதி சொன்னதெல்லோ?” என்றாள் மங்களேஸ்வரி.

சுகிர்தா தொலைபேசியைக் காதோடு இறுக்கினாள்.

“இப்ப எல்லாரும் இதைத்தான் சொல்லித் திரியினம். போன கிழமை பக்கத்து வீட்டுக்காரன் மனுசியை அடிச்சுப்போட்டு, இதே வசனத்தைச் சொல்லி அழுதவன். தகுதி இல்லையாம், நித்திரை வந்ததாம். நீங்களும் அதையே பாடமாக்கிக்கொண்டு எடுத்திருக்கிறியள்.” குரலில் கோபம்கூட இல்லை, களைப்புத்தான். “உங்கட எண்டு சொல்ல ஒண்டும் இல்லையோ? இல்லாட்டி வையுங்கோ. வேலை கிடக்கு.”

அந்தச் சொற்கள் என்னுடையவை என்று சொல்லலாம். அவள் நம்பமாட்டாள், நம்பினாலும் என்ன? சுகிர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது அவளிடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

“நான் ஒரு சொல்லைப் பிழையாச் சொல்லிப்போட்டன்” என்றாள்.

“எந்தச் சொல்?”

“அண்ணை எண்ட சொல். ‘அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், அதுக்குப் பிறகுதான் என்னைத் தேடி வந்தவங்கள்’ எண்டு சொன்னவர். நான் டச்சிலை கூடப்பிறந்த அண்ணன் எண்டு சொன்னன். அவர் முதல் குடுத்த பத்திரத்திலை, கூடப்பிறந்த ஆம்பிளை ஒருத்தரும் இல்லை எண்டு இருந்தது. ரெண்டும் முரண் எண்டு எழுதினவை. அதாலைதான் தள்ளினவை.”

“அண்ணை எண்டது பெரியப்பாவின்ர மகனை. சிவநேசண்ணையை.”

“ஓம். அண்டைக்குப் பின்னேரமே அறிக்கையை வாசிச்சுப்போட்டு எனக்கு விளங்கினது. திருத்தி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். மூண்டு கிழமை நேரம் இருந்தது. பிழை விட்டனான் எண்டு எழுதினா அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டினம் எண்டு எழுதேல்லை.”

யாரோ வாடிக்கையாளர் கடைக்கு வந்து ஏதோ கேட்க, பிறகு வாங்கோ என்று மங்களேஸ்வரி சொல்லி அனுப்புவது கேட்டது.

“அப்ப அவன் பொய் சொல்லேல்லை” என்றாள்.

“இல்லை. ஒரு சொல்லும் பொய் இல்லை.”

“பொய் சொல்லித்தான் திருப்பி அனுப்பினவை எண்டு இஞ்சை கடிதம் வந்தது. அம்மா அவனோடை கதைக்கேல்லை. வந்து இருந்த அஞ்சு மாசமும் கதைக்கேல்லை. ஒழுங்கா உண்மையைச் சொல்லியிருந்தா அங்கை இருந்திருப்பானே எண்டு. சாகுமட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவ.”

சுகிர்தா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வருந்துகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள்.

“இப்ப சொன்னதை எழுதி அனுப்புங்கோ” என்றாள் மங்களேஸ்வரி. “அழுததெல்லாம் வேண்டாம். எந்தச் சொல், எப்ப தெரியும், ஏன் சொல்லேல்லை. கீழை உங்கட பேரைப் போடுங்கோ.”

“ஆருக்கு எண்டு எழுத?”

“எனக்கு எண்டு எழுதுங்கோ. நான் ஊரிலை வாசிக்கிறன்.”

தொலைபேசி வைக்கப்பட்டது. சுகிர்தா அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள். ஒரு பக்கம்கூட வரவில்லை, பதினொரு வரிதான் வந்தது. அதை எழுதி முடிக்க நான்கு நாள் எடுத்தது. பேரைப் போட்டுத் தபாலில் சேர்த்தாள். பதில் வரவில்லை. பங்குனியில் ஒருநாள் கிளிநொச்சிப் பத்திரிகையின் மரண நினைவுப் பக்கத்தில், செல்வரூபனின் படத்துக்குக் கீழே அந்தப் பதினொரு வரியும் ஒரு எழுத்து மாறாமல் அச்சாகியிருந்தது, அவளுடைய பெயரோடு.